பாம்போடு வந்த பருந்து

எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணமானாலும், குடும்பப் படத்துக்காக எல்லோரையும் வரிசையாக நிறுத்தியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். "மச்சான், பிலிம் இருக்கா?" வேறு யார், அப்பாதான். கூட்டமே சிரிக்கும். கமராவுக்குப் பின்னால் நிற்கும் மாமாவும் சிரிப்பார். கண்டியில் மட்டுமில்லை, மாத்தளைச் சொந்தக்காரர்கள் வரைக்கும் இந்தப் பகிடி பரவியிருந்தது. அதைக் கிளப்பிவிட்ட புண்ணியவதி நான்.

மாமா அம்மாவின் தம்பி. டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. அடையாள அட்டைக்கு முகம் பிடிப்பதும், மாலையும் கழுத்துமாக விறைத்து நிற்கும் ஜோடிகளைக் கொஞ்சம் கிட்டே நிற்கச் சொல்வதும்தான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மனுஷ முகமே பார்க்கமாட்டார். கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பறவை தேடிக் காடேறிவிடுவார். "பொண்ணு பார்க்கப் போடான்னா இவன் பருந்து பார்க்கப் போறான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பறவைகளைப் பற்றிப் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் ஒருவர் ஸ்டூடியோவுக்குப் படம் கழுவ வந்தபோது, மாமா எடுத்த மீன்கொத்திப் படம் ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். தன்னுடைய பகுதிக்குப் படம் பிடிக்க ஆள் எடுக்கப் போகிறார்கள், ஹந்தானை மலைச் சரிவில் ஒரு பருந்து கூடு கட்டியிருக்கிறது, அது குஞ்சுக்கு இரை கொண்டுவருவதைப் பிடித்துக் காட்டினால் உம்மையே சிபாரிசு செய்கிறேன் என்றார். தன்னிடமிருந்த நீளமான லென்ஸையும் இரவல் கொடுத்தார். சம்பளத்தோடு பென்ஷன், அதற்கு மேல் பறவை. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

கூடு இருந்த மரத்துக்கு எதிர்மேட்டில், சாக்கும் இலையுமாக மாமா ஒரு மறைவிடம் கட்டினார். ஒரேயடியாகக் கிட்டப் போனால் பருந்து கூட்டை விட்டுப் போய்விடும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் மறைவிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினார். கோபக்கார மாமனார் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போகிறவன் கூட அவ்வளவு பதமாகப் போயிருக்கமாட்டான். குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டது, இனித் தாமதிக்கக்கூடாது என்றான ஞாயிறன்று நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அட்டை ஏறாமலிருக்க அம்மா என் காலெல்லாம் சவர்க்காரம் பூசி, ரொட்டியும் கட்டசம்பலும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

மலையடியில் காத்திருந்த பேராசிரியர் என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"உந்தப் பிள்ளையை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீர்? ஒரு சத்தம் வந்தாலும் எல்லாம் பிழைச்சுப் போகும்."

"வராதுங்க சார். நம்ம பொண்ணு" என்றார் மாமா.

அந்த "நம்ம பொண்ணு"வுக்காக மூச்சையே விடாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று பேரும் மறைவிடத்துக்குள் போனோம். கொஞ்சம் பொறுத்துப் பேராசிரியர் மட்டும் வெளியே வந்து, பருந்து பார்க்கட்டும் என்று கையை வீசிக்கொண்டு இறங்கிப் போனார். பருந்துக்கு எண்ணத் தெரியாதாம். உள்ளே போனவர்கள் வெளியே போய்விட்டார்கள் என்று நம்பிவிடுமாம். இவ்வளவு பெரிய பறவை இப்படி ஏமாறுகிறதே என்று எனக்கு அதன்மேல் இரக்கமாக இருந்தது.

உள்ளே அசையக்கூடாது, இருமக்கூடாது. அட்டை கடித்தாலும் கத்தக்கூடாது. கடித்தது, கத்தவில்லை. மாமா சாக்கின் ஓட்டை வழியாகக் குஞ்சை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் கமராதான். அதன் ஒரு பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். அதில் ஒரு சிவப்புப் புள்ளி. மாமா ஒவ்வொரு படமும் எடுத்துவிட்டு அடுத்த படத்துக்காக மறுபக்கத்துச் சின்ன நெம்புகோலைத் தள்ளும்போது, யாரும் தொடாமலே அந்தக் குமிழ் தானாகச் சுழன்றது. புள்ளி மேலே வரும், கீழே போகும். அதைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்கினேன்.

பிறகு மாமாவின் முதுகு விறைத்தது. நான் என் பக்கத்து ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

அது வந்தது. சிறகை விரித்து, கூட்டுக்கு மேலே ஒரு வட்டம் போட்டு இறங்கியது. வாயிலிருந்து ஒரு பாம்பு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அது பாம்புப் பருந்து. பாம்பு தின்பதுதான் அதன் தொழில் என்று இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அம்மா சொல்லித் தந்தது மட்டும்தான். வானத்தில் கருடனைக் கண்டால் நின்ற இடத்தில் நின்று "கிருஷ்ணா கிருஷ்ணா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். நடுரோட்டில் பஸ் வந்தாலும் அம்மா போட்டுக்கொள்வாள். வாயில் பாம்போடு வருவது கருடனில்லாமல் வேறு யார்? என் கைகள் என்னைக் கேட்கவில்லை. பளார் பளார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கிருஷ்ணாவும் வாயை விட்டு வந்துவிட்டது.

கூட்டின் விளிம்பில் கால் வைத்த பறவை, பாம்போடு அப்படியே மேலே எழும்பி மலைக்கு அப்பால் போய்விட்டது. குஞ்சு வாயைத் திறந்தபடி இருந்தது. மாமாவின் விரல் கமராவின் மேலேயே இருந்தது. அவர் அழுத்தவேயில்லை.

கீழேயிருந்து பேராசிரியர் மூச்சிரைக்க ஏறி வந்து சாக்கை விலக்கினார். மாமா சட்டென்று என் இரண்டு கைகளையும் கன்னத்திலிருந்து இறக்கித் தன் ஒரு கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கை தட்டினது போல சத்தம் ஒண்டு கேட்டுது. ஆர் அது?" பேராசிரியரின் கண் என்மேல்தான் இருந்தது.

"நான்தாங்க சார்" என்றார் மாமா. "பிலிம் கமராப் பல்லுல மாட்டலைங்க. இவ்வளவு நேரமும் சும்மாவே எடுத்திருக்கேன். ஆத்திரத்துல கமராவைத் தட்டிட்டேன்."

பேராசிரியர் கமராவைப் பார்த்தார். "அப்ப ஒரு படமும் இல்லையோ?"

"ஒண்ணும் இல்லைங்க."

"பிலிம் போடத் தெரியாத ஆளை நான் எப்படி ஐசே சிபாரிசு செய்யிறது?" என்றார். லென்ஸைக் கையோடு கழற்றி வாங்கிக்கொண்டார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் நனைந்துகொண்டே இறங்கினோம்.

எனக்கோ மலையே தலையிலிருந்து இறங்கியது போல இருந்தது. பிலிமே மாட்டவில்லை என்றால் பருந்து இருந்தாலென்ன, பறந்தாலென்ன! என்மேல் குற்றமில்லை. வீட்டு வாசலில் கால் வைத்ததும் முதல் வேலையாக, "மாமா பிலிமே மாட்டல!" என்று கத்தினேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா மட்டும் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு மாமாவை நினைத்தாலே வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் சிரிக்கிற மாமா யாருக்கு வேண்டும்? அடுத்த வருஷம் எங்கள் வகுப்பைப் படம் பிடிக்க ஸ்டூடியோவிலிருந்து அவரையே அனுப்பினார்கள். எனக்கு அவரைத் தெரியாதது போலக் குனிந்து நின்றேன். அவரும் என்னைக் கூப்பிடவில்லை. "பிலிம் இருக்கு, எல்லாரும் நல்லாச் சிரிங்க" என்று தானே சொல்லிவிட்டு எடுத்தார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள், நான் தரையைப் பார்க்கிறேன்.

நான் பேராதனைக்குப் படிக்கப் போனபோது மாமா வேறு கமரா வாங்கியிருந்தார். பழையதை எனக்குக் கொடுத்தார். விடுதி அறையில் என் சிநேகிதி ஒருத்தி முதல் பிலிமைப் போட்டுத் தந்தாள். மூடியை மூடி நெம்புகோலைத் தள்ளிவிட்டு, "இங்க பாரு, இந்தக் குமிழ் தானாச் சுத்துதில்ல? அப்படின்னா பிலிம் ஓடுது. மாட்டலைன்னா இது அசையாது" என்றாள்.

சிவப்புப் புள்ளி மேலே வந்தது, கீழே போனது. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்படியானால் அன்று மறைவிடத்தில் மாமா எடுத்த சுருளில் குஞ்சின் படங்கள் அத்தனையும் இருந்தன. சொன்ன பொய் நிற்க வேண்டுமென்றால் அவற்றை ஒருநாளும் யாருக்கும் காட்டியிருக்க முடியாது. வேலையும் போய், படமும் போய், பேரும் போயிருக்கிறது. நான் சிரித்திருக்கிறேன்.

அந்த வாரமே ஸ்டூடியோவுக்குப் போனேன். மாமா யாருடைய முகத்தையோ அடையாள அட்டை அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னைக்கு அந்தக் குமிழ் சுத்துச்சே."

அவர் தலை நிமிரவில்லை. "எந்தக் குமிழும்மா? அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்றார். ஓரத்தை நேராக வெட்டி முடித்துவிட்டு, "கருடன் வந்தா கன்னத்துல போட்டுக்கத்தானே வேணும். உங்கம்மா அப்படித்தானே வளர்த்தா" என்றார்.

அடுத்த கலியாணத்தில் அப்பா வழக்கம்போலக் கேட்டபோது, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, "இருக்குங்க மச்சான், இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் படத்திலும் நான் தரையைத்தான் பார்க்கிறேன்.

அன்று மறைவிடத்தில், பேராசிரியர் திரும்பிப் போகும்வரைக்கும் மாமா என் கைகளை விடவேயில்லை. விரலெல்லாம் வலித்தது. சத்தம் போட்டதற்குத் தண்டனை தருகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.