செந்தலைக் கிளி

சூடாமணியின் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கிளிகள் இருந்தன. மூன்றையும் வாங்கியவள் மாமியார் சாரதாம்பாள். மதுரையில் மகாலுக்குத் தெற்கே சாயப்பட்டறை வைத்திருந்த சௌராஷ்டிரக் குடும்பம். சூடாமணி சுங்கடிச் சேலைக்குச் சாயம் ஏறாமல் புள்ளி விழ முடிச்சுப் போடுவாள், சாயமும் ஏற்றுவாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை.

முதலில் வந்தது எல்லா வீடுகளிலும் இருக்கும் பச்சைக்கிளி. எதைப் போட்டாலும் தின்றது. சீக்கிரம் பேசவும் செய்தது. சாரதாம்பாளின் குரலில், அவர்கள் வீட்டுப் பாஷையில், மலடி என்றது. தெருவில் போகிற தமிழ்க்காரர்கள் நின்று கேட்டுச் சிரித்தார்கள். அர்த்தம் தெரியாத அவர்களுக்கு அது கொஞ்சுவதாகப் பட்டது. தண்ணீர் வைக்கப் போகும்போதெல்லாம் சூடாமணி அதைக் கேட்டுக்கொண்டாள். ஒருநாள் அவள் விரலில் சதையைப் பிய்த்தது. முடிச்சுப் போடும் விரல். வேலை நின்றுபோனதால்தான் அவள் கணவன் ராமமூர்த்தி அதைத் தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் வீட்டுக்குக் கொடுத்தான். வெகு அருமையாகப் பேசும் கிளி என்று வக்கீல் வீட்டார் பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்தது சிட்டுக்குருவி அளவே இருந்தது. குட்டை வால். தூங்கும்போது தலைகீழாகத் தொங்கும். பேசவில்லை, கடிக்கவில்லை. பழமும் தேனும்தான் ஆகாரம். சுவரெல்லாம் எச்சம் பீச்சியது. சூடாமணி கழுவினாள். ஐப்பசி மழையில் அது செத்தபோது, வௌவால் மாதிரித் தொங்குவது குடும்பத்துக்கு ஆகாது என்று தனக்கு முதலிலேயே தெரியும் என்றாள் சாரதாம்பாள்.

மூன்றாவதைக் கீழக்குயில்குடி சின்னக்கருப்பன் கொண்டுவந்தான். மலையில் கிளி பிடித்து டவுனில் விற்பவன். செந்தலைக் கிளிக் குஞ்சு என்றான். தலை பச்சையாகத்தானே இருக்கிறது என்று சாரதாம்பாள் கேட்டாள்.

"குஞ்சுல எல்லாம் ஒண்ணுபோலத்தான் ஆத்தா இருக்கும். ஆணா இருந்தா வளந்தபொறகு தலை செவக்கும், கழுத்துல கறுப்பு வளையம் விழுகும். பெட்டைன்னா கடைசி வரைக்கும் சாம்பத் தலைதான்."

அப்போது வீட்டில் இரண்டாம் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அம்மா ஆரம்பிக்கும்போதெல்லாம் ராமமூர்த்தி ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுவான். அன்று, இந்தக் கிளியின் தலை என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்றான். சும்மா சொன்னதுதான். சாரதாம்பாள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். மீனாட்சி கையில் இருக்கும் பறவை பொய் சொல்லாது. தலை சிவந்தால் வீட்டுக்கு ஆண் வாரிசு உண்டு. சாம்பலானால் வேறு பெண் பார்க்க வேண்டும். தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

அது சாதுவான கிளி. விரலில் ஏறி உட்காரும். குரல் சன்னமாக இருக்கும். ஒரு வார்த்தையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதால் சூடாமணிக்கு அதைப் பிடித்திருந்தது.

இறகு உதிர்ந்து முளைத்தபோது தலை சாம்பலாக வந்தது.

மறுநாள் உச்சிவேளையில் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். சூடாமணி கிளியை மடியில் வைத்துக்கொண்டு, துணித்துண்டில் சிவப்புச் சாயம் தொட்டுத் தலையில் ஏற்றினாள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பில் ஒரு கோடு. கிளியின் கண்ணில் சாயம் படாமல் பார்த்துக்கொண்டாள். அவள் கைக்குப் பழகிய வேலை. ஒரு திட்டுக்கூட விழவில்லை.

சாரதாம்பாள் திரும்பி வந்து பார்த்தாள். கூண்டுக்குக் கற்பூரம் காட்டினாள். சூடாமணியின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அதற்கு முன் அவள் அப்படிச் செய்ததில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு, பரமக்குடியில் பெண் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

சிவந்துவிட்டதே என்றான் ராமமூர்த்தி.

"சிவந்ததுனாலதான்டா சொல்றேன். வீட்டுக்கு வாரிசு உண்டுன்னு கிளி சொல்லிருச்சு. இவ வயித்துலன்னு சொல்லலையே."

ராமமூர்த்தி மனைவியைப் பார்த்தான். அவள் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் சாயத்தைச் சொல்ல வேண்டும்.

தை மாதம் கல்யாணம். புதுப்பெண்ணின் சேலைக்கு முடிச்சுப் போட்டவளும் சூடாமணிதான். பட்டறையில் அவ்வளவு நெருக்கமாக முடிச்சுப் போட வேறு ஆள் இல்லை.

பரமக்குடியிலிருந்து வந்த ரங்கம்மாள் சின்னப் பெண். சூடாமணியை அக்கா என்றாள். வருஷம் இரண்டு மூன்று ஆகியும் அவளுக்கும் குழந்தை உண்டாகவில்லை. ராமமூர்த்தியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கிளிக்கு இறகு உதிர்ந்து முளைக்கும்போதெல்லாம் சூடாமணி சாயம் தொட்டாள். தெரிந்துவிட்டால் தன்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே அண்ணியின் கையை எதிர்பார்த்து இருக்க வேண்டும் என்பது அவளுக்கு நிச்சயம். சாரதாம்பாள் சிவந்த தலையைப் பார்த்துத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேறாத நாளில், கிளி மேல் குற்றமில்லை, வந்தவள் மேல்தான் என்றாள். பச்சைக்கிளி சொன்ன வார்த்தையை இப்போது ரங்கம்மாளுக்குச் சொன்னாள்.

பங்குனியில் ஒருநாள் கூண்டைக் கூட்டப் போன ரங்கம்மாள் பட்டறைக்கு வந்தாள். உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். வெள்ளையாக ஒரு முட்டை.

"ஆண் கிளி எப்படிக்கா முட்டை போடும்?"

சூடாமணி முட்டையை வாங்கிச் சாய வாளியில் போட்டாள். அது மூழ்கியது. ரங்கம்மாள் வாளியைப் பார்த்தாள். சிவந்திருந்த சூடாமணியின் விரல்களைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய நேரம் ஆனது.

"இதனாலதானா என்னைக் கட்டி வச்சாங்க?"

"ஆமா."

ரங்கம்மாள் அழுவாள், அத்தையிடம் ஓடுவாள் என்று சூடாமணி எதிர்பார்த்தாள். அவள் ஓடவில்லை. தலை சாம்பல் என்று தெரிந்தால் அத்தை என்ன செய்வாள் என்று கேட்டாள்.

"உன்னை எங்கூட உக்கார வச்சு முடிச்சுப் போடச் சொல்லுவா. மூணாவதா ஒருத்தியப் பாப்பா."

ரங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு கிளியின் நெற்றியில் புது இறகு சாம்பலாக எட்டிப் பார்க்கிறது, காலையிலேயே கவனித்தேன் என்றாள். போய்க் கூண்டை எடுத்து வந்தாள்.

கிளி அவள் கையில் பேசாமல் இருந்தது. அவள் சிறகைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, சூடாமணி துணித்துண்டைச் சாயத்தில் தோய்த்தாள்.