காதுக்குள் ஒரு மிளகு

கொல்லிமலையில் மிளகு காயும் நாளில், என் ஐந்து வயது மகள் ஒரு மிளகை எடுத்துக் காதுக்குள் போட்டுக்கொண்டாள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. மிளகைத் தண்ணீரில் கொட்டினால் சத்தில்லாதது மேலே மிதந்து வரும்; நாங்கள் பிரித்தெடுப்பது அப்படித்தான். இதுவும் மிதந்து வந்துவிடும் என்று நானும் மனைவியும் காதில் தண்ணீர் ஊற்றினோம். மிளகு ஊறிப் பருத்து இறுகிக்கொண்டது.

மலைமேலேயே இருக்கும் செம்மேடு ஆஸ்பத்திரியில் அதை எடுக்க முடியவில்லை. மலையிறங்கி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை அசையாமல் இருக்க மயக்கம் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஊசியைக் கண்டதும் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

“ஊசி வேண்டாங்க. மூச்சு வழியாவே தூங்க வெக்கலாம். மடியில நீங்களே புடிச்சுக்கோங்க, பாதியில உட்றாதீங்க” என்றார் மயக்க மருத்துவரம்மா.

கதவைச் சாத்தினார்கள். ரப்பர் மூடியை அவள் மூக்கிலும் வாயிலும் வைத்தார்கள்.

“அப்பா, நாத்தமடிக்குது! உடுப்பா, மூச்சு முட்டுது!”

“இன்னுங் கொஞ்சம் சாமி.”

நகத்தால் என் கையைக் கிழித்தாள். எனக்கும் மூச்சு முட்டியது. எழுந்து ஓடவும் வழியில்லை.

“ஏனுங்க, சட்டுனு தூங்க வெக்கக் கூடாதுங்களா?”

மருத்துவரம்மா ஒரு திருகை மெல்லத் திருப்பினார். “ஒரேடியா ஏத்துனா இருமுவா. கொறஞ்சா பாதியில முழிச்சுக்குவா. அளவு தப்பக் கூடாதுங்க.”

சட்டென்று அவள் துவண்டாள். என் மடியில் பாரம் கூடியது.

“மூச்சு இருக்குதுங்களா?”

அவர் ஒரு ரப்பர் பையைக் காட்டினார். அவள் மூச்சுக்கு அது உப்பிச் சுருங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, அந்த மயக்க மருந்தை இப்போது கண்ணுக்கே தெரியாத நுண்துகள்களில் அடைத்து, வேண்டிய அளவு மட்டும் வெளிவரும்படி செய்யப் பார்க்கிறார்களாம். செய்தித்தாளில் படித்தேன். எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால், ஒரு குழந்தை இவ்வளவு திமிறாமல் தூங்க வழி கிடைத்தால் நல்லதுதானே?

மிளகு வந்துவிட்டது. அவள் கண் விழித்ததும் குனிந்தேன். “கண்ணு, காது நோவுதா?”

இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “நீ வராதே! அம்மாவ வரச் சொல்லு!”

திரும்பும் பஸ்ஸில் மனைவியின் மடியில் இருந்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் என்னை அவள் பக்கம் தள்ளியது. ஒவ்வொரு முறையும் மூக்கைப் பொத்தினாள். அவள்மேல் சாய்ந்துவிடாதபடி, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலை ஏறி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.