கானாங்கோழிக் குஞ்சுகளும் மாமாவின் துண்டும்

“...அது எங்க மச்சானா இருந்தாலுஞ் சரி! நான் துண்டு வீசுறதுக்கு முன்னாடி எவன் காலு தண்ணியில நனையுதோ, அவன் வீட்டுச் சட்டிக்கு இந்த வருசம் ஒரு கெளுத்தி மீனுகூடக் கிடையாது, ஆமா!” என்று கரையில் நின்று முழங்கினார் மாமா, என் அம்மாவின் தம்பி. அந்த மச்சான் வேறு யாருமில்லை, என் அப்பாதான்.

சமயநல்லூர்ப் பக்கம், எங்கள் பள்ளிக்கூடத்து வேலியை ஒட்டிய குளத்தில் பங்குனி வந்தால் மீன்பிடி. ஊரே வலையும் கூடையுமாகக் கரையைச் சுற்றி நிற்கும். ஒருவர் துண்டை வீசியதும் மொத்தமாகப் பாயும். துண்டு வீசும் பெருமை மாமாவுக்கு அதுதான் முதல் தடவை. கல்யாணமாகி அவருக்கு முதல் மீன்பிடியும் அதுதான்; புது அத்தை விடியும்போதே குழம்புக்கு அரைத்து வைத்துவிட்டாள்.

எனக்கோ கண் மீன்மேல் இல்லை. வகுப்பில் எனக்குச் சன்னலோர இடம். ஐப்பசியில் குளம் நிறைந்து, தவளைச் சத்தத்தில் வாய்ப்பாடே கேட்காமல் போனது முதல், தையில் அல்லி பூத்தது, தட்டான்கள் மொய்த்தது எல்லாம் நான் பார்த்துக்கொண்டே வந்தவை. “குளம் வத்துனா கொக்குக்குக் கல்யாணம்” என்பாள் அம்மா. அந்தக் கொக்குகளும் வந்தாயிற்று. ஆனால் நடுக்குளத்துக் கோரைப்புல்லுக்குள் ஒரு கானாங்கோழி, பருவம் தப்பிப் பொரித்த குஞ்சுகளோடு இருந்தது. கரித்துண்டுக்குக் கால் முளைத்தது போலக் குஞ்சுகள்! இத்தனை கால்களும் பாய்ந்தால் மிதிபட்டே செத்துவிடும்.

“மாமா, கோரைக்குள்ள குஞ்சு இருக்கு! வீசாதீங்க!” என்று கத்தினேன்.

ஓங்கிய துண்டு அப்படியே நின்றது. மாமா கோரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சளக்கென்று தண்ணீரில் இறங்கிவிட்டார்.

“ஏ மாப்ள! மொதல்ல ஒன் காலுதான் நனைஞ்சிருக்கு, ஒன் சட்டி காயப்போகுதுடா!” என்றார் அப்பா. ஊரே விசிலடித்துச் சிரித்தது. குஞ்சுகள் பிழைக்கப்போகிற சந்தோசம்தான் என்று நினைத்து நானும் துள்ளித் துள்ளிக் கைதட்டினேன்.

குஞ்சுகளைத் துண்டில் அள்ளி வந்து வேலியோரப் புதருக்குள் விட்டார் மாமா. தாய்க்கோழி கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்து புகுந்துகொண்டது. அதே ஈரத் துண்டை அவர் வீசினார். ஊர் தடதடவென்று குளத்தில் பாய்ந்தது.

“வாங்க மாமா, வெரால் பூராம் போயிரும்!” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மாமாவோ கரையில் உட்கார்ந்து, காலில் அப்பிய சேற்றைக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தார்.