அத்திப்பழம் மட்டும் வைத்த சுருள்

என் அண்ணன் விரும்பி மணந்த அண்ணி, இறைச்சியே தொடாத சைவக் குடும்பத்துப் பெண். நாங்கள் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கத்தோலிக்கர்கள். அண்ணி வந்து ஒரு வருடமாகியும் அம்மா அவரிடம் நேராகப் பேசியதே இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அம்மாவுக்குக் கை சுளுக்கிக்கொண்டது. விருந்தாளிகளுக்குப் பன்றி இறைச்சி வைத்த ஹாம் சுருள் செய்தாக வேண்டும். எனக்கோ சமையல் வராது. அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"மாவை மெல்லிசா தேய்க்கச் சொல்லுடி" என்றாள் அம்மா என்னிடம்.

"பக்கத்துலதானே லா நிக்கிறாங்க, நீங்களே சொல்லுங்க!" என்றேன் எரிச்சலோடு.

அண்ணி மாவைத் தேய்த்து, அத்திப்பழ விழுதைத் தடவினார். அதன்மேல் பன்றி இறைச்சியை வெறுங்கையால், முகம் சுளிக்காமல் பரப்பினார். பாய்போலச் சுருட்டி, வட்டமாக நறுக்கித் தகர ஓவனில் வைத்தார்.

வெந்ததும் அம்மா ஒன்றைக் கடித்தாள். இனிப்பும் உப்பும் சரியாக இருந்தன.

"ருசி பார்த்தாளான்னு கேளு."

"இல்ல அத்தை, வாசனையை வச்சே செஞ்சேன்" என்றார் அண்ணி.

அம்மா எழுந்தாள். கத்தியையும் பலகையையும் ஒற்றைக் கையால் சோப்புப் போட்டுக் கழுவினாள். உதவப் போன என்னை விலக்கிவிட்டு, மிச்ச மாவில் அத்திப்பழத்தை மட்டும் வைத்துக் கோணல்மாணலாகச் சுருட்டிச் சுட்டாள். தட்டை அண்ணியிடம் நீட்டினாள்.

"இதுல ஹாம் இல்லம்மா. நீ சாப்பிடு."

அன்று இருவரில் யாரை அதிகம் வியப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.