கை நனைக்காமல் போன மாப்பிள்ளை

காலையில் சவுக்குத் தோப்புக்கு ஒதுங்கப் போகும்போதும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு போன மரக்காணத்துக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தனியாகப் போகவும் வழி கிடையாது. பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறடி உயரத்தில் ஒரு அமெரிக்கன் எனக்குக் காவல் நிற்பான். மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் ஊழியம் செய்யும் பிள்ளைகள் எந்நேரமும் இரண்டிரண்டு பேராக, ஒருவர் கண்ணில் இன்னொருவர் படும்படி இருக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர்கள் எங்கள் தோப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வழியாக வலை தூக்கிக்கொண்டு போகிறவர்கள் முதல் வாரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம், "இன்னா தம்பி, இன்னிக்கு லேட்டா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஊரில் இருக்கிறவர்களும், என்னைப்போலக் கப்பலேறி வந்து சிங்கப்பூரில் காலம் தள்ளுகிறவர்களும் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே தன் மளிகைக் கடையில் நிறுத்தினார். ஊரில் எனக்கென்று மிஞ்சியது அஞ்சலை அக்கா ஒருத்திதான். அவளை உப்பளக் குப்பத்தில் முனுசாமி மாமாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. கடைக்குச் சோப்பு வாங்க வந்த இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் ஒருநாள் அரிசி மூட்டை இறக்கக் கை கொடுத்தார்கள். இங்கிலீஷ் பழகலாமே என்று அவர்களோடு பேச ஆரம்பித்தேன். குடும்பம் சாவோடு முடிந்துவிடுவதில்லை, போனவர்களோடு மறுபடியும் சேர்ந்து இருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். இங்கே வந்து நாலு வருஷம் ஆனபோது, தமிழ் பேசத் தெரிந்தவன் வேண்டும் என்று என்னையே ஊழியத்துக்கு என் ஊருக்கு அனுப்பினார்கள்.

ஊழியக்காரனுக்கு எங்கள் சபையில் 'எல்டர்' என்று பட்டம். பெரியவர் என்று அர்த்தம். எனக்கு அப்போது இருபது வயது, தோப்பில் காவல் நின்ற என் அமெரிக்கக் கூட்டாளி பார்லோவுக்குப் பத்தொன்பது. சட்டையில் எல்டர் ஏழுமலை என்று பட்டை குத்திக்கொண்டு நான் நடந்தால், என்னோடு கோலி ஆடினவன்கள் எல்லாம் எழுந்து நின்று கும்பிடுவான்கள், நான் அந்தப் பக்கம் போனதும் விழுந்து விழுந்து சிரிப்பான்கள். ஆறு மணிக்கு எழுந்து ஜெபம், எட்டுவரை வேதம் படிப்பு, ஒன்பதரைக்கு வீடு வீடாகப் போவது என்று எங்களுக்கு அட்டவணை. உப்பளத்துச் சனமோ இருட்டோடு எழுந்து பாத்திக்குப் போய், வெயில் ஏறியபின்தான் திரும்பும். ஒன்பதரைக்கு வீட்டில் இருப்பது கோழிதான். அதோடு பார்லோவுக்குக் கதவைத் தட்டித்தான் பழக்கம். எங்கள் குப்பத்தில் கதவு ஏது? தென்னங்கீற்றுத் தட்டியைத் தட்டினான், அது அப்படியே உள்ளே விழுந்தது. அன்று முழுக்க ஊழியம் பார்க்காமல் அதைத் தூக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதன்பின் சாயங்காலமாகப் போக ஆரம்பித்தோம். அங்கேதான் சிக்கல் பிறந்தது. எங்கள் சபைக்காரர்கள் டீ, காப்பி தொடக் கூடாது. சிங்கப்பூரில் நீங்கள் காப்பி வேண்டாம் என்றால் கோப்பை மிச்சம் என்று அடுத்த ஆளைக் கவனிப்பார்கள். மரக்காணத்தில் வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம், எங்க வீட்டு டீ உனக்கு எறங்காதா என்று கேட்பார்கள். இதில் இன்னொரு கூத்து. எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால், பெண்ணைப் பிடித்திருந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பார்கள். வைத்ததைத் தொடாமல் எழுந்தால் சம்மதம் இல்லை என்று பொருள். நாங்களோ கல்யாண வயதில் இரண்டு பேர், தேய்த்த வெள்ளைச் சட்டையும் தலைக்கு எண்ணெயுமாகப் போய் உட்காருவோம். பார்லோ மனப்பாடம் செய்த தமிழில், "உங்கள் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம்" என்று ஆரம்பிப்பான். பிறகு வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பான். வெள்ளைக் கோபுரம் வைத்த எங்கள் கோயில் படத்தை எடுத்துக் காட்டுவான். கடைசியில் டீயைத் தொடாமல் இரண்டு பேரும் எழுந்து வந்துவிடுவோம். சிங்கப்பூர்ப் பையன் பெண் தேடுகிறான், படத்தில் காட்டுகிறதுதான் அவன் வீடு, எந்தப் பெண்ணும் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. இது எங்கள் இருவருக்கும் தெரியாது. போன இடமெல்லாம் பெண்கள் புதுப் புடவையில் இருப்பதைப் பார்த்து, இவர்கள் எவ்வளவு பக்தியானவர்கள் என்று பார்லோ மெய்சிலிர்த்தான்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போக எங்களுக்குத் தனியாக அனுமதிக் கடிதம் வர வேண்டும். அது வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்லோவோடு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் கோலம், உள்ளே பாய் விரித்து மாமாவின் பங்காளிகள் பத்துப் பேர். அக்காவின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், தலை நிறையப் பூ வைத்திருந்தார். மாமாவின் தங்கை தனம் ஒரு தட்டில் கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எனக்கு முறைப்பெண்தான். ஆனால் அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் சபையில் அன்றைக்கு உபவாசம், பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. உபவாசம் இருக்கிறதை ஊருக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வேதத்தில் படித்திருந்ததால், வாயைத் திறந்து காரணமும் சொல்லவில்லை. "வேணாங்க" என்று மட்டும் சொன்னேன். பார்லோவும் பின்பாட்டாக "வேண்டாம்" என்றான். அதோடு விட்டோமா? குடும்பம் என்றென்றைக்கும் பிரியாது என்ற பாடத்தை எடுத்தோம். அத்தைக்கு ஏற்கெனவே முகம் செத்துவிட்டது. "இந்த மனுசனோட இந்த ஜென்மமே போதும்டா சாமி. மேல போயும் இவரு கூடவா?" என்று அக்காவின் மாமனாரைக் கை காட்டிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து அக்கா நாங்கள் தங்கியிருந்த அறைக்கு வந்தாள். பெண்கள் உள்ளே வரக் கூடாது என்பதால் தெருவில் நின்றே பேசினோம். எனக்கே அசிங்கமாக இருந்தது. "ஊரு பாக்க எங்க வூட்டுப் பொண்ண வேணாம்னுட்டியாம். அவரு எங்கூடப் பேசறதில்ல. அத்த சோறு போட்டா திங்கறாங்க, என் மூஞ்சப் பாக்கறதில்ல. இனிமே உந்தம்பி இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள். உபவாசத்தைச் சொன்னேன். "நீ எந்தச் சாமிய வேணா கும்புடு ஏழுமல. ஒரு வார்த்த சொல்லிட்டுக் கும்புடக் கூடாதா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே போய்விட்டாள். அடுத்த வாரம் எங்களுக்குச் சென்னைக்கு மாற்றல், அங்கிருந்து நான் சிங்கப்பூர் திரும்ப வேண்டும். செத்த அப்பா அம்மாவோடு சேர வழி கற்றுக்கொண்டு வந்தவன், உயிரோடிருக்கிற அக்காவைத் தொலைத்துவிட்டுப் போகப் போகிறேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

முனுசாமி மாமாவைப் பாத்தியிலேயே போய்ப் பார்த்தேன். உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்காமலே, "ஞாயித்துக்கிழம இன்னாடா விரதம்? சொல்றதுக்கு வாயி சுளுக்கிக்கிச்சா?" என்றார். "இப்பவாவது வந்து சாப்பிடறேன் மாமா" என்றேன். "இப்ப வந்து கை நனைச்சா பொண்ணக் கட்டிக்கிறன்னு அர்த்தம். நாள் குறிக்கட்டுமா?" என்றார். ஊழியத்தில் இருப்பவன் பெண் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. சாப்பிட்டால் மாப்பிள்ளை, சாப்பிடாவிட்டால் பகையாளி. பார்லோவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தலையைப் பிடித்துக்கொண்டு விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். "நான் மட்டும் சாப்பிட்டால்?" என்று கேட்டான். அப்படியானால் நீ கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றேன். பாவம், வெளுத்த முகம் இன்னும் வெளுத்துப்போய் உடனே ஜெபத்துக்கு முழங்கால் போட்டுவிட்டான். நானும் பக்கத்தில் போட்டேன். என்ன கேட்பது என்றே தெரியாமல், அக்காவை எனக்கு விட்டு வை என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, உப்புக் கூடையை இறக்கிவிட்டு வரப்பில் நின்ற தனம் எங்களை மறித்தாள். பக்கத்தில் நாலு பெண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். "இன்னா, என்னப் புடிக்கலியாமே?" என்றாள். நான் உளறிக் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன்ன எனக்குப் புடிச்சிருக்குதுன்னு யாரு சொன்னா?" என்றாள். அவளே தொடர்ந்தாள். "நாளைக்கு சாயங்காலம் வா. எல்லாரும் இருக்கும்போது நான் உன்ன வேணாம்னு சொல்லிடறேன். பொண்ணு வேணாம்னுட்டா எங்களுக்கு அவமானம் இல்ல. அப்புறம் நீ எங்க அண்ணிக்குத் தம்பி, அவ்ளோதான். வயிறு முட்டத் துண்ணுட்டுப் போ. எங்க அண்ணி அழுவறத என்னால பாக்க முடியல" என்றாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் பேசியதைப் பாதி புரிந்துகொண்ட பார்லோ, இது ஜெபத்துக்குப் பதில் என்றான். இருக்கலாம், ஆனால் பதில் இத்தனை நறுக்கென்று வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் அதே பாய், அதே பத்துப் பேர். யாரும் வா என்று சொல்லவில்லை. தனம் நடுவீட்டில் வந்து நின்றாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. இவரு அந்த வெள்ளக்காரர உட்டு ஒரு நிமிசம் தனியா இருக்க மாட்டாராம். எங்க போனாலும் ரெண்டு பேராத்தான் போவாங்களாம். நாளைக்குக் கல்யாணம் ஆச்சின்னா அந்த வெள்ளக்காரரும் கூடவேவா வருவாரு? எனக்கு இந்த மாப்ள வேணாம்" என்றாள். முதலில் மாமனார் சிரித்தார், பிறகு பங்காளிகள், கடைசியில் முனுசாமி மாமாவே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்ட பார்லோ எழுந்து கும்பிட்டான், சிரிப்பு இன்னும் கூடியது. அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "நாங்கதாம்மா வேணாம்னுட்டோம். எம்பொண்ணுக்குப் புடிக்கல" என்று அறிவித்துவிட்டு, "ஏ அஞ்சல, உந்தம்பிக்கு எல போடு" என்றார். எனக்கு உயிர் வந்தது. அதே நேரம், உண்மையைச் சொல்கிறேன், நெஞ்சுக்குள் சுருக்கென்றும் இருந்தது. வேண்டாம் என்று நான் சொன்னபோது தனத்துக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்.

அக்கா இறால் தொக்கும் சுடுசோறும் போட்டுக்கொண்டே இருந்தாள், போதும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கக் குனிந்தேன். கை நின்றுவிட்டது. நல்ல வீட்டில் ஒரு பக்கமாக மடிக்க வேண்டும், உறவு தொடர வேண்டும் என்று அதற்குப் பொருள். துக்க வீட்டில் அதற்கு எதிர்ப்பக்கம். எது எந்தப் பக்கம் என்று எனக்கு நினைவு வரவில்லை. சிங்கப்பூரில் நாலு வருஷமாகத் தட்டு. ஊரில் நான் கடைசியாகப் பந்தியில் உட்கார்ந்தது அப்பா அம்மா காரியத்தில். என் கைக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மடிப்புதானோ என்று பயமாக இருந்தது. அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலையில் உட்காருவதற்கு முன்னால் பார்லோ நோட்டுப் புத்தகத்தோடு அக்காவிடம் பந்தி முறை எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும் என்று நினைத்து யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவன் இலையின் மேல்பாதியைப் பிடித்துத் தன் பக்கமாகக் கொண்டுவந்து அழகாக மடித்தான். "பரவாயில்லியே, வெள்ளக்காரத் தம்பிக்குத் தெரிஞ்சிருக்குதே" என்றார் அத்தை. நான் ஓரக்கண்ணால் அந்த அமெரிக்கன் இலையைப் பார்த்து, அதேபோல என் இலையை மடித்தேன்.