கை நனைந்தால் வேலை இல்லை

என் மச்சான் சாள்ஸ் ஒரு பிளேன்டீயை உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. கோப்பையைக் கையில் வாங்குவார், ஒரு வாய் குடிப்பார், அதற்குள் கூரைத் தகரத்தில் ஆணி தளர்ந்திருப்பது கண்ணில் பட்டுவிடும். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுச் சுத்தியலைத் தேடிப் போவார். என் அக்கா தெரேசம்மா அவரைக் கட்டி இருபத்து நான்கு வருஷமாகிறது. இத்தனை வருஷமும் அந்த ஜன்னலில் ஆறிப்போன தேநீரைச் சேர்த்து வைத்திருந்தால், பீலியில் தண்ணீர் வராத நாட்களில் லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் எல்லாரும் குளித்திருக்கலாம்.

கேகாலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போய், இறங்கி மேட்டில் இரண்டு கட்டை தூரம் நடந்தால் அவர்கள் இருக்கிற ரப்பர் தோட்டம். மச்சான் அங்கே பால் வெட்டுகிறார். அவருடைய அப்பாவும் அதே மலையில் பால் வெட்டியவர்தான். நான் மாவனல்லையில் இப்றாஹிம் நானாவின் வேனை ஓட்டுகிறேன். யார் யாரையோ ட்ரிப் கூட்டிப் போவதுதான் என் பிழைப்பு. கண்டி என்பார்கள், நுவரெலியா என்பார்கள், கதிர்காமம் என்பார்கள், போய்வருவேன். சொந்த அக்கா குடும்பத்தை மட்டும் ஒரு தடவைகூட எங்கும் கூட்டிப் போக முடிந்ததில்லை. அதற்கு முழுக் காரணம் மச்சான்.

இத்தனைக்கும் ட்ரிப் பேச்சை முதலில் எடுப்பவரே அவர்தான். மாசி மாதம் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியதும் எனக்குப் போன் வரும்.

"மச்சான், இந்த சித்திரைக்கு கடலுக்கு போறோம். நீர்கொழும்பு. வேனை இப்பவே ஒதுக்கி வச்சிருங்க."

நானும் மடையன் மாதிரி நானாவிடம் சொல்லி ஒதுக்கி வைப்பேன். ஒரு வருஷம் அந்த நாளில் ஆட்டுக் கொட்டகை சாய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் கோயில் கதவுக்கு வர்ணம் பூச வேண்டும் என்றார். அதற்கடுத்த வருஷம் லயத்துத் தண்ணீர் ஓடுகிற கானில் மண் அடைத்துக்கொண்டது. அந்தக் கான் மூன்று மாதமாக அடைத்துக்கொண்டுதான் கிடந்தது, வேறு ஆட்களும் அங்கே இருந்தார்கள். வீட்டில் மூன்று பேருக்கும் வெயில் தொப்பி வாங்கினார் ஒரு வருஷம். அவை வாங்கிய பொலித்தீன் பையோடு இன்னும் ஆணியில் தொங்குகின்றன.

இந்த வருஷம் அப்படி விட முடியவில்லை. அவர்களுடைய ஒரே மகள் ஸ்டெபானிக்கு ஜோர்தானில் கார்மண்ட் தையல் வேலை கிடைத்தது. மூன்று வருஷ ஒப்பந்தம். சித்திரை முடிவதற்குள் பயணம். பங்குனிக் கடைசியில் அவள் என்னைத் தேடி வேன் நிற்கும் இடத்துக்கே வந்தாள்.

"மாமா, எனக்கு கடலெல்லாம் பெருசில்ல. அப்பா ஒரு நாளாவது எங்ககூட ஒக்காந்திருக்கணும். அவ்வளவுதான். சின்னதுல இருந்து நான் அவரு முதுகத்தான் பாத்திருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கே தோட்டத்துக்குப் போய் மச்சானை நன்றாக ஏசிவிட்டேன். பிள்ளை போகப் போகிறாள், திரும்பி வரும்போது அவளுக்கு இருபத்தைந்து வயதாகிவிடும், இப்போது உட்காராவிட்டால் எப்போது உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டே கோழிக்கூட்டுக்குக் கம்பி முறுக்கினார். பிறகு கம்பியைக் கீழே வைத்தார்.

"மாதா மேல சத்தியம் மச்சான். அன்னைக்கு ஒக்காந்திருப்பேன்."

புத்தாண்டு முடிந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் புறப்பட்டோம். அக்கா மரவள்ளிக்கிழங்கு அவித்து, கட்டைச் சம்பலும் இடித்து வாழையிலையில் கட்டியிருந்தாள். மச்சானும் மகளும் நடு சீட்டில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அப்போது அது நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

வரக்காப்பொலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். இறங்கிய கையோடு மச்சான் கடைக்குப் பக்கத்தில் நின்ற மாமரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இது அவருடைய பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் காலையில் முதலில் கண்ட மரத்தில் கை வைப்பார். பால் வெட்டுகிற தோட்டங்களில் முன்பு இப்படித்தான். இரவு மழை பெய்திருந்தால், காலையில் ஆட்கள் பேர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக்களத்தில் கங்காணி முதல் மரத்தில் கையை வைத்துப் பார்ப்பார். கை நனைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் சிரட்டைக்குப் போகாமல் மரமெல்லாம் பரந்து வீணாகும். கை காய்ந்திருந்தால் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏற வேண்டும்.

இப்போது அதெல்லாம் இல்லை. ஸ்டெபானி கைக்குழந்தையாக இருந்த வருஷம் மரத்துக்கெல்லாம் பொலித்தீனில் பாவாடை கட்டிவிட்டார்கள். மேலே மழை பெய்தாலும் வெட்டுகிற இடம் நனையாது. தோட்டத்துக்குப் பால் கூடியது. ஆட்கள் மழையிலும் சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கை வைத்துப் பார்க்கத் தேவையில்லாமல் போய் இருபது வருஷத்துக்கு மேலாகியும் மச்சானின் கை அந்த வேலையை விடவில்லை.

மாமரம் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வேன் டயர்கள் நான்கையும் உதைத்துப் பார்த்தார். பின்னால் எடுக்க முடியாமல் நின்ற ஒரு லொறிக்குக் கை காட்டி, டிரைவரிடம் சிங்களத்தில் சத்தம் போட்டு, அதை வெளியே எடுத்துக் கொடுத்தார். நான் ஹோர்ன் அடித்து அடித்துத்தான் அவரை ஏற்றினேன்.

கடற்கரையில் சொல்லவே வேண்டாம். அக்கா பாயை விரித்தாள். மச்சான் வந்து உட்கார்ந்தார். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன், ஆறு நிமிஷம். தூரத்தில் நான்கைந்து பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய முழங்கால் ஆடத் தொடங்கியது.

"பாவம், ஆள் பத்தாது போல. ஒரு கை குடுத்துட்டு வாறேன்."

போனவர் வலை இழுத்தார். பிறகு படகு தள்ளினார். பிறகு யாரோ ஒரு ஐஸ்கிறீம்காரனுடைய சைக்கிள் செயினை மாட்டினார். ஸ்டெபானி கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று கடலைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தாள். படம் எடுக்க மூன்று தடவை கூப்பிட்டாள். இந்தா வாறேன் என்று மூன்று தடவையும் கையை உயர்த்தினார். கடைசியில் அக்காவையும் என்னையும் வைத்து ஒரு படம் எடுத்தாள். பின்னால் சின்னப் புள்ளி மாதிரி மச்சானும் அதில் இருக்கிறார்.

சாப்பாட்டு நேரத்துக்கும் வரவில்லை. அக்கா அவருடைய பங்கை இலையோடு கட்டி வைத்தாள். இரண்டு மணிக்கு ஸ்டெபானி பாயை உதறிச் சுருட்டினாள்.

"வாங்க மாமா, போவோம்."

அவள் அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பும்போது அவள் முன் சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நடு சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் மச்சான். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ஜன்னல் பூட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எனக்கு வந்த கோபத்தில் பெரியவர் என்றும் பார்க்காமல் நடுவழியில் இறக்கிவிட்டிருப்பேன். அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியதால் விட்டேன்.

கேகாலையைத் தாண்டும்போது இருட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்து ரோட்டில் ஏறியதும் பிடித்துக்கொண்டது மழை. சித்திரை மாதத்துப் பின்னேர மழை, இடியோடு. வைப்பர் போட்டும் ஒரு முழத்துக்கு அப்பால் தெரியவில்லை. லயத்துக்கு அரைக் கட்டை இருக்கும்போது பிரேக் போட்டேன். ரப்பர் மரம் ஒன்று முறிந்து ரோட்டின் குறுக்கே கிடந்தது.

வேனை ஓரம் கட்டினேன். நாங்கள் மூன்று பேருமே அடுத்து நடக்கப் போவதை எதிர்பார்த்து இருந்தோம். மச்சான் கதவைத் திறந்துகொண்டு பாய்வார், மழையில் நனைந்து மரத்தை வெட்டுவார், அதோடு இன்றைய நாள் முடியும். ஸ்டெபானி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலைத் தள்ளி, முழங்கை வரைக்கும் கையை வெளியே நீட்டி, வேனை உரசிக்கொண்டு நின்ற மரத்தில் பொலித்தீனுக்கு மேலே உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கையை உள்ளே இழுத்து, ஈரத்தை எங்களுக்குக் காட்டினார்.

"இன்னைக்கு வேலை இல்ல."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். வீட்டில் மழை என்றால் கூரை ஒழுகும், சட்டி வைக்கவும் வாளி வைக்கவும் அவர் ஓடிக்கொண்டே இருப்பார். நானாவின் வேன் ஒழுகாது. மச்சானுக்குச் செய்ய அங்கே ஒன்றும் இல்லை.

"அந்த கெழங்கு இருக்கா?"

அக்கா இலையை அவிழ்த்தாள். கிழங்கு ஆறி விறைத்துப் போயிருந்தது. அவர் அதைப் பிட்டு முதல் துண்டை முன் சீட்டுக்கு நீட்டினார். ஸ்டெபானி வாங்கிக்கொண்டாள். பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவால் புகுந்து பின்னால் போய் அவருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"சின்னதுல நாங்க மழைக்குத்தான் நேந்துக்குவோம்," என்றார் மச்சான். "கங்காணி சத்தம் குடுத்தா எங்கப்பா திரும்பி வந்துருவாரு. சாக்கை கழட்டி போட்டுட்டு அடுப்புகிட்ட படுத்துக்குவாரு. நாங்க நாலு பேரும் அவரு மேல ஏறி கெடப்போம். அம்மா இதே கெழங்குதான் அவிக்கும். மத்த நாளெல்லாம் அவரு தொரைக்கு ஆளு. மழை நாள்ல மட்டும் எங்களுக்கு அப்பா."

"எனக்கு இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லையேப்பா."

"எங்க சொல்றது? நீ பொறந்ததுக்கு பொறகு மழைக்கு லீவு இல்லையே." கிழங்கில் இன்னொரு துண்டைப் பிட்டார். "வெயிலு அடிச்சா ஒக்கார முடியல பாப்பா. ஒக்காந்தா யாரோ ஏசுற மாதிரியே இருக்கு."

பாப்பா என்று அவர் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக இந்த மனிதர் வீட்டை விட்டு ஓடுகிறார் என்று நினைத்து, வாய்க்கு வந்தபடி கேலி செய்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். அவருடைய அண்ணன்மார் பற்றி, கரம் போர்டுக்குப் பதிலாக ரப்பர் கொட்டையை வைத்து விளையாடியது பற்றி, அப்பாவின் குறட்டை பற்றி எல்லாம் சொன்னார். ஸ்டெபானி அவர் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். ஒரு தடவைகூட போனை எடுத்துப் படம் பிடிக்கவில்லை.

மழை விட்டது. மேலே வெளுத்துவிட்டது. மரங்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சாவியில் கை வைத்தேன்.

"கொஞ்சம் இருங்க மாமா. இன்னும் தூறுது."

வெளியே தூறவில்லை. நான் வைப்பரைப் போட்டேன். காய்ந்த கண்ணாடியில் அது கிறீச் கிறீச் என்று ஓடியது. மச்சானும் அதைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர் வழக்கம்போல மலையில் நின்றார். மனிதன் ஒரே மழையில் மாறிவிடுவான் என்று நான் நம்பவும் இல்லை. எட்டாம் நாள் கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு நான்தான் அவர்களைக் கூட்டிப்போனேன். மண்டையைப் பிளக்கிற வெயில். அக்கா அழுதாள், ஸ்டெபானி அழுதாள், மச்சான் பெட்டிக் கயிற்றை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். பிறகு பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கி வருகிறேன் என்று போனார். கடையில் வரிசை. அவர் திரும்பி ஓடி வருவதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். போத்தலோடு கண்ணாடிக்கு இப்பால் நின்றார்.

அவரை ஏச வாயைத் திறந்தேன். அதற்குள் என் போன் அடித்தது. ஸ்டெபானிதான், உள்ளே இருந்து.

"மாமா, அப்பாவ ஏசாதீங்க. வெயில் நாள்தானே. எனக்கு வெள்ளிக்கெழமதான் லீவாம். வெள்ளிக்கெழம அங்க மழை பேஞ்சா மட்டும் எனக்கு ஒரு மிஸ்கோல் குடுங்க. நான் அவருக்கு கோல் எடுக்குறேன்."

அதிலிருந்து எனக்கு வெள்ளிக்கிழமை என்றால் இருப்புக்கொள்ளவில்லை. யாரை ஏற்றிக்கொண்டு எந்த ஊரில் நின்றாலும் அக்காவுக்குப் போன் போட்டு அங்கே வானம் எப்படி என்று கேட்பேன். நல்ல வெயில் என்பாள். ஐந்து வெள்ளி அப்படிப் போனது. என் மழையை வேறு யாரோ கொண்டுபோனது மாதிரி எரிச்சல் வரும்.

ஆறாவது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவே எனக்குப் போன் எடுத்தாள், இங்கே கொட்டுகிறது என்று. நான் உடனே ஸ்டெபானிக்கு மிஸ்கோல் கொடுத்தேன். மச்சான் அப்போது மலையில், சாக்கைப் போர்த்திக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தாராம். போன் அடித்ததும் கத்தியை மரத்தடியில் வைத்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாராம். அரை மணி நேரம். கங்காணி வந்து, என்ன சாள்ஸ், வேலை இல்லையா என்று சத்தம் போட்டிருக்கிறார். மச்சான் காதிலிருந்து போனை எடுக்காமல், பொலித்தீனுக்கு மேலே மரத்தைத் தொட்டு உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாராம்.

"கை நனையுதே."