ஒரிஜினல் பம்பு

கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஒரு துவர்த்து மட்டும் தனியே கிடக்கும். யாரும் அதில் தலை துவட்ட முடியாது. அத்தனை பெட்ரோல் நாற்றம். மாமனார் விட்டுப்போன பழைய காருக்கு உரிய துவர்த்து அது. வெயில் ஏறினால் எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பு சுட்டுப் பழுக்கும், உள்ளே பெட்ரோல் ஆவியாகும், வண்டி நடுவழியில் நின்றுவிடும். உடனே என் கணவர் இறங்கி பானெட்டைத் திறந்து, துவர்த்தை நனைத்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுவதுபோலப் பம்பின்மேல் போடுவார். எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் அந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை.

பாறசாலை மெக்கானிக் பலமுறை சொல்லிவிட்டார். "சாரே, பின்னால டாங்குக்குப் பக்கத்துல ஒரு எலக்ட்ரிக் பம்பு வச்சா போரும். அங்க சூடு கெடையாது. வண்டி நிக்காது."

"இது ஒரிஜினல் வண்டியாக்கும். தொடப்பிடாது."

ஒரிஜினல் என்று சொல்லும்போது அவர் முகத்தில் பக்தி வழியும். பழைய கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முற்றத்தில் கூடுவார்கள். பானெட்டுக்குள் தலையை விட்டு, "ஒரிஜினல், ஒரிஜினல்" என்று முனகுவார்கள். சாயா போட்டுக் கொடுப்பது என் வேலை.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் பூவாறிலிருந்து என் அண்ணன் போனில் கூப்பிட்டார். "அம்மைக்கு தீர முடியல்ல மக்கா. ஒன்னத்தான் கேக்கா. ஒடனே வா."

ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். வீட்டில் கார் நிற்கும்போது ஆட்டோவில் போனால் மானக்கேடாம். உதியங்குளங்கரை தாண்டியதும் அந்த மானம் இருமி இருமி நின்றது.

"ரெண்டு மினிட்டு. இப்பம் கெளம்பும்" என்று துவர்த்தை நனைத்தார். கிளம்பியது, கொஞ்சதூரம் போய் மறுபடி நின்றது. மறுபடி நனைத்தார். கடைசியில் அந்த வழியாக வந்த ஓர் ஆட்டோவுக்கு நான் கைகாட்டியபோது, "இந்த வெயில்ல என்னைத் தனியா உட்டுட்டுப் போறியா?" என்று கேட்டார். என்ன மனிதர் இவர் என்று வெறுத்துப்போய் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது அம்மைக்கு வாய்க்கட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் பம்பு மாறவில்லை. மாறியது எப்போது தெரியுமா? நெய்யாற்றின்கரையில் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று நடந்தது. எல்லாருக்கும் முன்னால் போன இவர் வண்டி ஜங்ஷன் நடுவில் நின்றுவிட்டது. பெரிய மனிதர்கள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே மெக்கானிக் எங்கள் முற்றத்தில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். பின்னால் எலக்ட்ரிக் பம்பு ஏறியது. பழைய பம்பைக் கழற்ற விடவில்லை. ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட அதற்குள் போவதில்லை என்றாலும், துடைத்து மினுக்கிப் பார்வைக்கு அங்கேயே வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்த்துப் பெரிய மனிதர்கள் இன்னும் முனகுகிறார்கள்.

நேற்று எனக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதுவே முதல் தடவை. ஸ்டீயரிங் பக்கம் போய் உட்கார்ந்து சாவியைத் திருகியதும் பின்னாலிருந்து டிக் டிக் என்று புதுப் பம்பின் சத்தம் கேட்டது.

"ஏறு. இனி எங்கயும் நிக்காது, கேட்டியா. பூவாறுக்கு ஒரே ஓட்டமாப் போயிரலாம்."

"இப்பம் அங்க எனக்கு என்ன அவசரம்?" என்றேன்.

நான் கொடியில் கிடந்த துவர்த்தை எடுத்து, மடித்து, அவர் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குள்ளே வந்தேன்.